பரங்கிமலையில் பிறந்த தூரம்

பத்து வருஷத்துக்கு முன், தீபாவளிக்கு மறுநாள், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நடந்த பேச்சு இது. தம்பி முதன்முறையாகச் சென்னைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தான். கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செனாய் ஏர்ப்போர்ட்லேர்ந்து மெட்ராஸ் 2,880 கிலோமீட்டர் அப்பாயி. பறந்தா நாலு மணி நேரம்" என்றான்.

அப்பாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "கடல் மேல யாருடா சங்கிலி பிடிச்சா?"

எல்லோரும் சிரித்தோம். அப்பாயி சிரிக்கவில்லை. அவர் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டிப் புது மரம் நடும்போதெல்லாம் அளவைக்காரர்கள் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வருவார்கள். சங்கிலி தரையில் படாத இடத்துக்கு அளவு கிடையாது. அப்படிப் பார்த்தால் வங்காள விரிகுடாவுக்கு எப்படி அளவு வந்தது? நியாயமான கேள்வி. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் போனபோதுதான் தெரிந்தது, உண்மையிலேயே ஒரு சங்கிலி இருந்திருக்கிறது. கடலில் அல்ல, சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில்.

நம் பாட்டன் பூட்டன் தூரத்தைச் சொன்ன விதமே வேறு. "கூப்பிடு தூரம்" என்று இன்றும் சொல்கிறோம். ஒரு காலத்தில் அது வெறும் பேச்சுவழக்கு அல்ல, அளவு. ஒருவன் இங்கே நின்று குரல் கொடுத்தால் எதுவரை கேட்குமோ அதுவரை ஒரு கூப்பிடு. நாலு கூப்பிடு ஒரு காதம் என்று ஒரு கணக்கும் உண்டு. அதற்கு மேல் போனால் நாளால் அளந்தார்கள்: ஒரு நாள் நடை, மூன்று நாள் வண்டிப் பயணம். கடலைக் கடப்பதாக இருந்தால் நாளும் போதாது, பருவம் வேண்டும். ராஜேந்திர சோழனின் படை 1025-இல் கடாரத்துக்குப் போனதும், அதற்கு முன்னும் பின்னும் நாகப்பட்டினத்து வணிகர்கள் கிழக்கே போனதும் காற்றின் தயவில்தான். தென்மேற்குக் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். வடகிழக்குக் காற்று வரும்வரை காத்திருந்து திரும்ப வேண்டும். "கடாரம் எவ்வளவு தூரம்?" என்று அந்நாளில் கேட்டிருந்தால் பதில் மைல் கணக்கில் வந்திருக்காது. எந்த மாதம் கிளம்புகிறாய் என்றுதான் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

அந்தப் பதில் எண்ணாக மாறிய இடத்துக்கு இப்போது வருகிறேன்.

1802 ஏப்ரல் 10. பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில் நிலத்தை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்க்கோடு. கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளக் கண்ணிகள் நாற்பது. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோன பொருள்களில் அதுவும் ஒன்று. பேரரசர் அதைப் பொருட்படுத்தவில்லை. சங்கிலி கல்கத்தாவுக்கு வந்து, லாம்டன் கைக்கு விலைக்கு வந்தது.

அளந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் மேடு பள்ளத்தில் நீளம் தப்பிவிடும். அதனால் மரத் தொட்டிகளை முக்காலிகள்மேல் மட்டம் பார்த்து வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளும். ஆகவே ஒவ்வொரு முறையும் வெப்பமானி வைத்துப் பார்த்து, எத்தனை பாகைக்கு எவ்வளவு நீண்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக் கழித்தார்கள். பிறகு முக்காலிகளைத் தூக்கி அடுத்த 100 அடிக்கு நகர்த்த வேண்டும். இப்படி 400 தடவை. முடிய 57 நாள் ஆயிற்று. முக்காலி சுமந்தவர்கள், தொட்டியைத் தூக்கியவர்கள், முள் வெட்டி வழி செய்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் பெரிதாக எழுதப்படவில்லை. ஆனால் அந்த அளவு அவர்கள் தோள்மேல்தான் நின்றது.

அந்த ஒரு கோடு கையில் இருந்தால் போதும், மீதியைச் சங்கிலி இல்லாமலே அளக்கலாம். கோட்டின் இரு முனையிலும் நின்று தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்து, கோணத்தை மட்டும் அளந்தால் முக்கோணம் கிடைத்துவிடும். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வரும். அந்தப் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் மற்றொன்று. கோணம் அளக்க லாம்டனிடம் இருந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. குன்று இல்லாத ஊரில் கோபுரத்தின்மேல் ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வளைந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாகத் தட்டி நிமிர்த்தினார். தஞ்சாவூர்க்காரர்களின் பேரப் பிள்ளைகள் நிறையப் பேர் வாழும் ஊர் எங்கள் தெப்ராவ். எங்கள் தூரக் கணக்கில் பெரிய கோயிலும் ஓர் அடி கொடுத்திருக்கிறது, ஓர் அடி வாங்கியும் இருக்கிறது.

முக்கோணங்கள் கன்னியாகுமரியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை போயின. சுமார் 2,400 கிலோமீட்டர். லாம்டன் 1823-இல் வழியிலேயே இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். ஏறக்குறைய நாற்பது வருஷ வேலை. இன்று சென்னையிலிருந்து செனாய்க்கு உள்ள வான்வழித் தூரத்தைவிடக் குறைவான நீளம்தான் அது. அதை அளக்க ஒரு தலைமுறை தேவைப்பட்டது. பலர் காய்ச்சலில் மாண்டார்கள்.

அவ்வளவு பாடுபட்டு அவர்கள் தேடியது நிலப்படம் மட்டுமல்ல, பூமியின் உருவத்தையும்தான். வடக்கே ஒரு பாகை போனால் எத்தனை அடி, தெற்கே ஒரு பாகை போனால் எத்தனை அடி என்று ஒப்பிட்டால் பூமி எவ்வளவு உருண்டை, துருவங்களில் எவ்வளவு தட்டை என்று தெரியும். இந்தியாவில் அளந்ததை வைத்து எவரெஸ்ட் 1830-இல் பூமிக்கு ஓர் உருவக் கணக்கு கொடுத்தார். அதன் பெயர் எவரெஸ்ட் நீள்வட்டம். அது இந்தியாவோடு நிற்கவில்லை, கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. தீபகற்பத்தின் நில அளவைக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்த, பகாங் மாநிலத்துக் கெர்தாவ் புள்ளியைத் தொடக்கமாகக் கொண்ட 1948-ஆம் ஆண்டுக் கணக்கு, அதே எவரெஸ்ட் நீள்வட்டத்தைச் சிறிது திருத்தி எடுத்ததுதான். அப்படியென்றால் எங்கள் தோட்டத்தைக் காட்டிய நிலப்படத்துக்குள்ளும் பரங்கிமலைச் சங்கிலியின் ஒரு கண்ணி இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, கடலுக்கு வருவோம். கடல்மேல் யாரும் சங்கிலி பிடிக்கவில்லை. பூமியின் அளவு தெரிந்துவிட்டால் இரண்டு ஊரும் அந்த உருண்டையில் எங்கே இருக்கின்றன என்று மட்டும் தெரிந்தால் போதும். எந்த ஊர் எந்த இடத்தில் என்பதை வானம் சொல்லும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகம் அந்த வேலையைச் செய்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறது. நட்சத்திரம் உச்சி கடக்கும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து, சென்னையின் தீர்க்கரேகையை அங்கே நிறுத்தினார்கள். அதே ஆய்வகத்தில் 1820-களின் தொடக்கத்தில் ஜான் கோல்டிங்காம் என்ற வானியலாளர், பரங்கிமலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் வெடிக்கும் பீரங்கியின் சத்தம் எத்தனை நொடியில் வந்து சேர்கிறது என்று கணக்கிட்டு, ஒலியின் வேகத்தை அளந்தார். கூப்பிடு தூரம் நொடிக் கணக்கானதும் பரங்கிமலையைச் சாட்சியாக வைத்துத்தான்.

இரண்டு புள்ளி கிடைத்தபின் நடுவில் உள்ள தூரத்தை வீட்டிலேயே பார்க்கலாம். பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்றை எடுங்கள். சென்னைமேல் ஒரு நூலின் நுனியை வைத்து அழுத்தி, மறுநுனியை ஜொகூர்மேல் வைத்து விறைப்பாக இழுங்கள். நூல் எங்கே படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய பாதை. நிக்கோபார் பக்கமாகப் போய், சுமத்ராவின் வட முனையைத் தொட்டும் தொடாமலும் மலாக்கா நீரிணைக்குள் இறங்கும். நானும் தம்பியும் அப்பாயிக்கு இப்படித்தான் செய்து காட்டினோம். பூக்கட்டும் நாரைக்கூட விடாமல் முடிச்சுப் பார்த்துக் கட்டுகிறவர் அவர். நூலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கப்பலும் இப்படித்தான் வந்துருக்கும்" என்றார். வந்தது கிட்டத்தட்ட அப்படித்தான்.

நூலுக்குப் பதிலாகக் கணக்குப் போட்டால் அந்த 2,880 வரும். அந்தக் கணக்கின் உயிர் சைன் என்கிற விகிதம். ஆரியபட்டர் காலத்திலேயே இங்கே அதற்கு அட்டவணை உண்டு. வில்லின் நாண் என்று பொருள்படும் 'ஜ்யா', 'ஜீவா' என்ற சொல் அரபிக்குப் போய், லத்தீனுக்குப் போகும்போது தவறாகப் படிக்கப்பட்டு 'சைனஸ்' ஆகி, பள்ளிக்கூடத்தில் நாம் படித்த 'சைன்' ஆகத் திரும்பி வந்தது. அதன் இன்னொரு வடிவத்தைப் பாதியாக்கி, 1835-இல் ஜேம்ஸ் இன்மன் என்ற ஆங்கிலேயர் மாலுமிகளுக்காக 'ஹேவர்சைன்' என்று பெயர் வைத்தார். தம்பியின் கைப்பேசிக்குள் ஓடியது அதுவோ அதன் அண்ணன் தம்பியோதான். விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுவார்கள். பூமியின் சுற்றில் ஒரு பாகையை அறுபதாக வகுத்தால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். 1929-இல் மொனாக்கோவில் கூடிய மாநாட்டில் அதை 1,852 மீட்டர் என்று நிறுத்தினார்கள். அந்தக் கணக்கில் சென்னையும் செனாயும் சுமார் 1,550 கடல் மைல்.

தூரம் பிறந்த கதை இது. தூரம் அன்றும் அதேதான், இன்றும் அதேதான். மாறியது நேரம். எங்கள் ஜனங்களுக்கு உரிய கதை அதில்தான் இருக்கிறது.

அப்பாயி வந்தது 1937-இல், ஆறு வயதில். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம் வழியாக, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ரஜூலா கப்பலில். 1926-இல் கட்டிய கப்பல் அது. தளப் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்றது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து பினாங்கு சுமார் 1,300 கடல் மைல், அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 400. மொத்தம் 1,700. மணிக்குப் பன்னிரண்டரை கடல் மைல் வேகத்தில் நிற்காமல் ஓடினால் 136 மணி நேரம். கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் நாள். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆள் ஏற்றி இறக்கிச் சரக்கு மாற்றும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு வாரம். பெரியவர்கள் எல்லோரும் "ஏழு நாள் கப்பல்" என்றே சொல்வார்கள். கணக்கும் அவர்கள் வாயும் ஒத்துப்போகிறது.

ஆனால் அப்பாயியிடம் "எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டால் ஏழு என்று சொல்ல மாட்டார். "இருபத்தொரு நாள்" என்பார். கிராமத்தைவிட்டு மாட்டுவண்டியில் கிளம்பிய நாளிலிருந்து எண்ணுவார். நாகப்பட்டினத்து முகாமில் அம்மை ஊசி போட்டுக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்த நாள்கள். கப்பல்தளத்தில் பாய் விரித்துக் கிடந்த நாள்கள்; டிரங்குப் பெட்டிதான் தலையணை, பக்கத்துக் குடும்பத்துக்கும் நமக்கும் நடுவில் அதுதான் சுவர். சிங்கப்பூரில் இறங்கியதும் ஊருக்குள் விடவில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய் இல்லை என்று உறுதியாகும்வரை மறித்து வைத்திருந்த நாள்கள். பிறகு லாரியில் ஏற்றி, 1924-இல் திறந்த கடற்பாலத்தின்மேல் தெப்ராவ் நீரிணையைத் தாண்டி, கங்காணி கைகாட்டிய லயத்தில் கொண்டுவந்து இறக்கிய நாள். அதுவரை எண்ணினால்தான் பயணம் முடிந்ததாக அவருக்கு அர்த்தம். அவர் எண்ணிய முறையே சரி என்று இன்று நான் நினைக்கிறேன். அவர்கள் வந்த மறுவருஷம், 1938-இல், தோட்டக் கூலிகளை உதவித்தொகை கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது.

ரஜூலா 1970-களின் தொடக்கம் வரை ஓடிற்று. 1973-இல் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது, மறுவருஷம் உடைத்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரி 12 அன்று, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் தீப்பிடித்தது. பயணிகள் இறந்தார்கள். அதோடு சென்னை, சிங்கப்பூர் பயணிகள் கப்பல் நின்றுபோனது. ஏழு நாள் என்ற எண்ணும் அன்றோடு வழக்கொழிந்தது.

வானத்துக் கதையும் பரங்கிமலைக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது என்பதுதான் எனக்கு இன்னும் தீராத வியப்பு. 1910-இல் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற சென்னை ஓட்டல்காரர், தானே உருவாக்கிய விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். லாம்டன் சங்கிலி போட்ட நிலமும் பல்லாவரமும் மீனம்பாக்கமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். இன்று மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது ஜன்னல் வழியே பாருங்கள், பரங்கிமலை தெரியும்.

சிங்கப்பூரில் 1937-இல் காலாங் விமான நிலையம் திறந்தது. அதே வருஷம்தான் அப்பாயி கப்பலில் வந்தது. ஏர் இந்தியா 1954-இல் பம்பாய், சென்னை, சிங்கப்பூர் வழித்தடத்தைத் தொடங்கியது. நாலு இறக்கை விசிறி சுழலும் கான்ஸ்டலேஷன் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அந்த 2,900 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடக்கும். 1960-இல் ஏர் இந்தியாவுக்கு ஜெட் விமானம் வந்தது. ஆறு நாலாகச் சுருங்கியது. அதற்குப்பின் அறுபது வருஷத்துக்கு மேலாக அது பெரிதாகக் குறையவே இல்லை. விமானம் மலிவானது, பெரிதானது, சத்தம் குறைந்தது. வேகம் மட்டும் ஜெட் வந்த நாளில் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. இந்தப் பக்கம் சுபாங் விமான நிலையம் 1965-இல், செனாய் 1974-இல், சிங்கப்பூரின் சாங்கி 1981-இல் திறந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் மெல்ல மெல்லப் பறக்கத் தொடங்கினார்கள். 2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூர், திருச்சி வழியைத் தொடங்கியபோது, ஆயுசில் ஒரு தடவை என்றிருந்த ஊர்ப் பயணம் பல குடும்பங்களுக்கு வருஷத்துக்கு ஒன்றானது.

இந்த நாலு மணி நேரம் என்ற எண்ணை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்கள் தெரியுமா? விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். வண்டி உருளாமலிருக்க நம் ஊரில் வைக்கும் அதே முட்டுக்கட்டை. புறப்பட அந்தக் கட்டையை எடுத்த நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கும் நேரம் வரை எண்ணுவதுதான் பயண நேரம். 'பிளாக்' நேரம் என்று அதற்குப் பெயர் வந்ததே கட்டையால்தான். வானத்தில் இருப்பது மூன்றரை மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாயிலுக்கு வருவது மீதி.

அந்த மூன்றரையும் நிலையானதல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பெரும் காற்றாறு ஒன்று ஓடுகிறது. 1950-களில் அதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். விமானம் பறப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில்; அந்த ஆற்றின் அடிப்பாகம் அங்கும் இழுக்கும். மணிக்கு 840 கிலோமீட்டரில் போகும் விமானத்தை 60 கிலோமீட்டர் காற்று எதிர்த்தால், சென்னையிலிருந்து இங்கே வர 3 மணி 42 நிமிடம். அதே காற்று முதுகில் தள்ளினால் இங்கிருந்து அங்கே போக 3 மணி 12 நிமிடம். காற்றுக்குக் காத்திருந்த நாகப்பட்டினத்து வணிகனின் கணக்கு முற்றாக அழியவில்லை. மாதத்திலிருந்து நிமிடத்துக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பாதவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பினால் இங்கே விடியற்காலை ஐந்தரைக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். ஆறரை மணி நேரமா என்று பயந்து போவார்கள். இரண்டரை மணி நேரம் கடிகார வித்தியாசம். ஆனால் சூரியனைக் கேட்டால் வேறு சொல்லும். சென்னைக்கும் ஜொகூருக்கும் தீர்க்கரேகையில் இருபத்து மூன்றரை பாகை. பாகைக்கு நாலு நிமிடம் வீதம் 1 மணி 34 நிமிடம்தான் உண்மையான வித்தியாசம். மீதி ஐம்பத்தாறு நிமிடமும் அரசாங்கங்கள் போட்டது. சென்னை வானாய்வகத்தை வைத்து ரயில்கள் ஓடிய 'மெட்ராஸ் டைம்' கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906-இல் இந்தியா முழுதுக்கும் ஐந்தரை என்று ஆக்கினார்கள். இந்தப் பக்கம் ஏழு மணி, ஏழு மணி 20 நிமிடம், ஏழரை என்று மாறிக்கொண்டே வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரப்படி ஒன்பது. போருக்குப் பின் மறுபடி ஏழரை. தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் எட்டு. அதற்கு முந்திய இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஓர் இரவில் தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இடையே இரண்டு மணியாக இருந்தது இரண்டரை ஆனது. விமானம் அதேதான், வேகம் அதேதான். டிக்கெட்டில் மட்டும் அரை மணி கூடியது.

இதையெல்லாம் சேர்த்துத்தான் தம்பி கைப்பேசி அன்று ஒரு வரி சொன்னது: 2,880 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஆனால் அந்த வரி செனாய் ஓடுபாதைக்கும் மீனம்பாக்கம் ஓடுபாதைக்கும் நடுவே இழுத்த நூல். எங்கள் பக்கத்து ஆள்கள் பெரும்பாலும் சாங்கி போய் ஏறுகிறார்கள், அல்லது 300 கிலோமீட்டர் தாண்டிக் கோலாலம்பூர் போய் ஏறுகிறார்கள். சாங்கி போக அதே கடற்பாலத்தைக் கடக்க வேண்டும். பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம். விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை அந்த ஒரு கிலோமீட்டரையும் இரண்டு குடிநுழைவுச் சாவடியையும் கடக்க ஆகும் நேரத்தில், பாதி வங்காள விரிகுடாவைப் பறந்து கடந்துவிடலாம். தம்பி அந்தத் தடவை தெப்ராவ் வீட்டு வாசலில் பெட்டியைத் தூக்கியதிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்காரும்வரை எண்ணினோம். பத்தொன்பது மணி நேரம். அப்பாயியின் இருபத்தொரு நாளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான், அந்த நாலை அல்ல.

தம்பி கிளம்பிப்போன அன்று இரவு அப்பாயி தூங்கவில்லை. விடிய விடிய விழித்திருந்து, பெரியப்பா போன் பண்ணி "வந்துட்டான்" என்றதும், விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஒரு நாள்கூட ஆகல" என்றார். பிறகு தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். அந்த அம்மா ஊரைவிட்டு வந்தபின் ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. போக ஏழு நாள், வர ஏழு நாள், காத்திருக்க எத்தனை நாளோ. அத்தனை நாள் பால்மரம் சீவாமல் இருக்க யார் விடுவார்கள்? கூலி நின்றால் அரிசி நிற்கும். 2,880 கிலோமீட்டர் அவருக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. நாள்கள்தான் தடையாக இருந்தன.

அப்பாயி இப்போது இல்லை. மவுண்ட் ஆஸ்டின் பக்கம் ரப்பர் நின்ற இடமெல்லாம் வீடும் கடையுமாக ஆகிவிட்டது. அப்பாயி காலத்தில் கப்பலில் வந்தவர்கள் தெப்ராவில், பிளந்தோங்கில், ஊலு திராமில் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எண்பத்தைந்துக்கு மேல். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்தத் தீவில் எத்தனை நாள், வாசலிலிருந்து வாசல் வரை மொத்தம் எத்தனை நாள். கேட்டதைப் பழைய படத்தின் பின்பக்கத்திலாவது எழுதி, தேதி போட்டு வையுங்கள்.